செஞ்சி

செஞ்சி, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் உள்ள ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டையால் பெயர் பெற்றது.

ஊர் கோட்டையைவிடப் பழையது. அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டும் உள்ளன. சிங்கவரத்தில் பள்ளிகொண்ட பெருமாளுக்குப் பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது.

கோட்டையை 1200ஐ ஒட்டி ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கினார் என்பது மரபு. அதை விரித்துப் பெருங்கோட்டை ஆக்கியவர்கள் விஜயநகர அரசின் கீழிருந்த நாயக்கர்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானிடமும், 1677இல் சிவாஜியிடமும் கோட்டை போனது.

சிவாஜி பிடித்ததன் பலன் அவர் மகன் ராஜாராமுக்குக் கிடைத்தது. 1689இல் மராட்டியத் தலைநகர் ராய்கட் மொகலாயர் வசமாக, ராஜாராம் தெற்கே தப்பிவந்து செஞ்சியையே தலைநகர் ஆக்கினார். மறு ஆண்டு மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். ஆனால் கோட்டை எளிதில் பிடிபடுவதல்ல. ராஜகிரி உச்சிக்கு முன் பாறை பிளந்து ஆழமான பள்ளம் கிடக்கிறது. அதன் குறுக்கே போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஏற வழியில்லை. கோட்டை விழுந்தது 1698இல்தான். ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். சுல்பிகர் கானே வழிவிட்டார் என்ற பேச்சு அப்போதே உண்டு.

  

தேசிங்கு ராஜா என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் கொண்டாடும் தேஜ்சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714 அக்டோபரில் களத்தில் இறந்தார். செஞ்சியை அவர் ஆண்டது ஓராண்டுகூட இல்லை. ஆனால் மக்கள் நினைவில் நிற்பது அவரும் அவர் குதிரையும்தான். எட்டாண்டு தாக்குப்பிடித்த ராஜாராமுக்கு இங்கே பாட்டில்லை.

1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி. அத்தோடு போர் மதிப்புப் போய், கோட்டைக்குள் மக்கள் வாழ்வும் ஓய்ந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’ என 12 கோட்டைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே.