கிலோக் காசும் கூடுதல் நேர ஊதியமும் ஒன்றல்ல: இடுக்கி, பாலக்காடு எல்லையோரத் தொழிலாளர்களுக்குச் சட்டம் சொல்வது என்ன?

மூணாறு: கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள தேயிலை, ஏலக்காய், காப்பித் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் தமிழ் பேசும் தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். நிர்ணயிக்கப்பட்ட நேரத்திற்கு மேல் வேலை வாங்கினால் இருமடங்கு ஊதியம் வழங்க வேண்டும் என்பது நாட்டின் தொழிலாளர் சட்டங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வரும் விதி. ஆயினும், பறிக்கும் கொழுந்தின் எடையை வைத்துக் கூலி கணக்கிடப்படும் மலைத் தோட்டங்களில், அந்த உரிமை எங்கே தொடங்குகிறது என்பது பல தொழிலாளர்களுக்குத் தெளிவாக இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் பெற, குறிப்பிட்ட எடைக்குக் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனியாக ஒரு தொகை வழங்கப்படும். இது ஊக்கத்தொகை. எட்டு மணி நேரத்திற்குள் விரைவாகப் பறித்தவருக்கும் இது கிடைக்கும். மாலை நெடுநேரம் வரை நின்று பறித்தவருக்கும் கிடைக்கும். கூடுதல் நேர ஊதியம் என்பது வேறு. அது எடையைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறது. கொழுந்து பெருகும் மாதங்களில் வழக்கமான நேரத்தைத் தாண்டி வேலை செய்தவரிடம் "அதிகக் கிலோவுக்குத்தான் காசு கொடுத்துவிட்டோமே" என்று கூறுவது, ஒரு கணக்கைக் காட்டி மற்றொரு கணக்கை மூடிவிடுவதாகும்.

ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதை விளக்கலாம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து ஒருவரின் நாள் ஊதியம் 480 ரூபாய் என்று கொள்வோம். எட்டு மணி நேரத்திற்குப் பிரித்தால் ஒரு மணி நேரத்திற்கு 60 ரூபாய். கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை செய்தால் அதற்கு 60 அல்ல, 120 ரூபாய் பெற வேண்டும். வாரத்தில் ஐந்து நாட்கள் இவ்வாறு ஒரு மணி நேரம் நீடித்தால் 600 ரூபாய். அதாவது ஒரு முழு நாள் கூலியையும் தாண்டிய தொகை. (இங்குள்ள 480 ரூபாய் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்ணே. நடைமுறை ஊதியத்தில் அகவிலைப்படியும் சேர்வதால், விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும்.)

1951 முதல் 2025 வரை

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951-இன் 19-ஆவது பிரிவு, வயது வந்த தொழிலாளரின் வேலை நேரத்தை வாரத்திற்கு 48 மணி நேரமாக வரையறுத்தது. இயல்பான வேலை நாளின் நேரத்தையோ 48 மணி நேரத்தையோ தாண்டினால் இருமடங்கு ஊதியம் என்றும், அப்படித் தாண்டினாலும் நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்திற்கு 54 மணி நேரம் என்ற வரம்பை மீறக் கூடாது என்றும் அது கூறியது. வார ஓய்வு நாளிலும் தோட்டத்தின் விடுமுறை நாளிலும் செய்யும் வேலைக்கும் இதே இருமடங்கு விகிதம் பொருந்தும். தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்வதற்கு முன்னர் குறைந்தது அரை மணி நேர இடைவேளை அளிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருந்தது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டு வந்ததையடுத்து, தோட்டத் தொழிலாளர் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களின் இடத்தை அவை பிடித்தன. இத்தொகுப்புகளை மாநிலத்தில் செயல்படுத்தப் போவதில்லை என்று கேரள அரசு அப்போது அறிவித்தது. இந்த இழுபறியால் "இனி எந்தச் சட்டம்?" என்ற கேள்வி எழுந்தாலும், இருமடங்கு ஊதியம் என்ற விதியில் மாற்றம் இல்லை. ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன் 14-ஆவது பிரிவு, கூடுதல் நேர வேலைக்கு இயல்பான விகிதத்தின் இருமடங்குக்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்கிறது. தொழில் பாதுகாப்பு தொடர்பான 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பும் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பை வைத்து, கூடுதல் நேரத்திற்குத் தொழிலாளரின் ஒப்புதல் தேவை என்று கூறுகிறது. ஆகவே, சட்டம் மாறிவிட்டது என்பதைக் காரணம் காட்டி யாரும் இந்த ஊதியத்தை மறுக்க இயலாது.

கிலோவுக்குக் கூலி பெறுபவருக்கு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. துண்டு வேலைக்கென்று தனியாகக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிக்கப்படாமல், நேர அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம் மட்டுமே நிர்ணயிக்கப்பட்டிருந்தால், எடை குறைந்தது என்று கூறி அந்த ஊதியத்திற்குக் கீழே இறங்கக் கூடாது. தொழிலாளி வேலை செய்யத் தயாராக இருந்தும் நிர்வாகம் முழு நாளுக்கு வேலை தராவிட்டால், விதிகளில் விலக்கு அளிக்கப்பட்ட சூழல்களைத் தவிர, முழு நாள் ஊதியம் பெற அவருக்கு உரிமை உண்டு.

இது வெறும் கூலித் தகராறு அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணியாளர்கள் தொடர்பாக மக்கள் ஜனநாயக உரிமைகள் ஒன்றியம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்திற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

கூலியும் ஏறியது, கிலோவும் ஏறியது

மூணாறில் இந்தக் கணக்கை வீதிக்குக் கொண்டு வந்தவர்கள் பெண் தொழிலாளர்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல்லாண்டுகளாகத் தங்களின் பெயரில் பேசி வந்த தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அவர்கள் மூணாறில் சாலையை மறித்து அமர்ந்தனர். போராட்டக்காரர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசுபவர்கள். 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத் தொகை என மொத்தம் 20 சதவீதம் வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டதைத் தொடர்ந்து செப்டம்பர் 13 அன்று முதற்கட்டப் போராட்டம் முடிவுக்கு வந்தது.

ஊதியப் பிரச்சினை அத்துடன் தீரவில்லை. அப்போது தேயிலைத் தொழிலாளரின் நாள் கூலி 232 ரூபாய். கோரிக்கை 500 ரூபாய். அரசு, நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள் அடங்கிய தோட்டத் தொழிலாளர் குழுவின் பேச்சுவார்த்தையில், அக்டோபர் மாதம் தேயிலை, காப்பித் தொழிலாளர்களுக்கு 301 ரூபாய், ஏலக்காய்த் தொழிலாளர்களுக்கு 330 ரூபாய், ரப்பர் தொழிலாளர்களுக்கு 381 ரூபாய் என்று முடிவானது. அதே ஒப்பந்தத்தில், பறிக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்தின் அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது.

பெரிய எழுத்தில் செய்தியானது 69 ரூபாய் உயர்வு. அதாவது ஏறத்தாழ 30 சதவீதம். கிலோவுக்குப் பிரித்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. முன்பு 21 கிலோவுக்கு 232 ரூபாய் என்றால், கிலோவுக்குச் சுமார் 11 ரூபாய் 5 காசு. பிறகு 25 கிலோவுக்கு 301 ரூபாய் என்றால், 12 ரூபாய் 4 காசு. உயர்வு ஒரு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு, ஒன்பது சதவீதம். கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கை மலையகத்தில் 2021-இல் நாள் சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட பின்னர், பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவை நிர்வாகங்கள் உயர்த்திவிட்டதாகத் தொழிலாளர்கள் புகார் கூறினர். ஊதிய ஒப்பந்தத்தைப் படிப்பவர்கள் ரூபாயை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் உள்ள கிலோவையும் பார்ப்பது நல்லது.

எல்லை தாண்டும் ஜீப்புகள்

பெரிய நிறுவனத் தோட்டங்களில் பதிவேடும் சங்கமும் உண்டு. உடும்பன்சோலை, வண்டன்மேடு பகுதிகளின் ஏலத் தோட்டங்களில் நிலைமை வேறு. தேனி மாவட்டத்தின் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து பெண்கள் அதிகாலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறி, மாலையில் வீடு திரும்புகின்றனர். காய் எடுப்புக் காலத்தில் இந்தப் போக்குவரத்து அதிகரிக்கும். ஆட்களைத் திரட்டி அழைத்து வருபவர் ஒருவர், ஜீப் மற்றொருவருடையது, தோட்டம் வேறொருவருடையது. கூலி குறைந்தால் யாரிடம் கேட்பது என்பதே முதல் சிக்கல்.

சட்டத்தின் பதில் நேரானது. இடையில் இருப்பவர் ஊதியத்தைக் கொடுக்கத் தவறினால், யாருக்காக வேலை செய்யப்பட்டதோ அந்த நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல், தோட்டத்தின் பரப்பு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்கே தானாகப் பொருந்தியது. ஏலக்காயில் சிறு தோட்டங்கள் ஏராளம். குடியிருப்பு, மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம் போன்ற உரிமைகள் அங்கு எட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் குறைந்தபட்ச ஊதியத்திற்கு ஹெக்டேர் கணக்கு கிடையாது. புதிய தொகுப்பின்படி, அந்த உரிமை எல்லாத் துறைத் தொழிலாளர்களுக்கும் உண்டு. தொழிலாளி வசிப்பது தமிழ்நாட்டில் என்பதும் பொருட்டல்ல. வேலை நடக்கும் இடமான கேரளத்தின் ஊதிய விகிதமே பொருந்தும். ஒரே வேலையையோ ஒத்த தன்மையுள்ள வேலையையோ செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு கூலி கொடுப்பதும் சட்ட விரோதம். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, புதிய தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது.

பாலக்காட்டில் நெல்லியாம்பதி மலைத் தோட்டங்களுக்கு மேற்கூறியவை அப்படியே பொருந்தும். வாளையாறு எல்லையை ஒட்டிய கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் கேள்வி சற்று வேறுபடுகிறது. அங்கு 'ஓவர்டைம்' என்ற சொல் அனைவருக்கும் தெரியும். அது ஒற்றை விகிதத்தில் கொடுக்கப்படுகிறதா, இருமடங்கிலா என்பதே கவனிக்க வேண்டியது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு இருமடங்கு என்றே கூறியது. துண்டு வேலை செய்பவருக்கு முந்தைய மாதத்தில் அவர் ஈட்டிய நாள் சராசரியை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றும் அப்பிரிவு வழிகாட்டியது. மின்சாரம் பயன்படுத்தும் ஆலைக்கு 10 தொழிலாளர்கள் என்றிருந்த வரம்பு புதிய தொகுப்பில் 20 ஆக உயர்ந்துள்ளது. அவ்வாறு 'தொழிற்சாலை' என்ற வரையறையிலிருந்து விலகும் சிறு கூடங்களிலும், ஊதியத் தொகுப்பின்கீழ் கூடுதல் நேர ஊதியம் கோர இயலும்.

கோருவது எப்படி?

ஊதியத் தொகுப்பின்கீழ் தொழிலாளியோ அவர் சார்ந்த தொழிற்சங்கமோ ஆய்வாளரோ நிலுவை கோரி விண்ணப்பிக்கலாம். மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க விசாரணை அதிகாரி முயல வேண்டும். நிலுவையுடன், அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அவர் உத்தரவிடலாம். பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதங்களாக இருந்த கால வரம்பு, தற்போது மூன்று ஆண்டுகள். எனினும் இந்த அதிகாரியை நியமிக்க வேண்டியது மாநில அரசு என்பதால், மாற்றம் முழுமை பெறும் வரை ஆறு மாதங்களுக்குள் மனு அளித்துவிடுவதே பாதுகாப்பு.

தொழிலாளிக்குச் சாதகமான ஒரு விதி அதிகம் பேசப்படுவதில்லை. ஊதியம் தரப்படவில்லை அல்லது குறைத்துத் தரப்பட்டது என்று புகார் எழுந்தால், கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. ஊதியச் சீட்டு வழங்குவதும் நிர்வாகத்தின் கடமை. ஆயினும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அன்றைய எடை, பெற்ற தொகை ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வைப்பவரின் மனு வலுவாக நிற்கும். ஜீப்பில் வந்து செல்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்களில் பலரிடம் வேறு எந்த ஆவணமும் இருப்பதில்லை.

மனுவைத் தோட்டத் தொழிலாளர் ஆய்வாளரிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ அளிக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

மனுவை மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சி மொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுத் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுத உரிமை அளித்தது. பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது.