குவார்ட்டர்பேக்கும் வாராக்கடனும்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. நாக்பூர் குளிரில் காலை 5 மணிக்கு எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். அமெரிக்காவில் அது ஞாயிறு மாலை, சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். நியூஜெர்சியில் இருக்கும் மச்சினன் ஸ்பீக்கரில். "அத்தான், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாருங்க, கிரிக்கெட்டை மறந்துடுவீங்க" என்று அவன் பல வருடமாகச் சொல்லி வந்ததால் வந்த வினை. ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. முடியும்போது மணி 9-ஐத் தாண்டியிருந்தது. வங்கிக்கு லேட். கிளையின் சாவியில் ஒன்று என்னிடம்! :-)

கான்சஸ் சிட்டி 25, சான் பிரான்சிஸ்கோ 22. என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஸ்கோர் அல்ல, மச்சினன் போகிறபோக்கில் சொன்ன ஒரு தகவல். ஜெயித்த அணியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 2017-ல் 10-வது ஆளாகத் தேர்வானவர். தோற்ற அணியின் பிராக் பர்டி 2022-ல் 262-வது ஆள். அந்த வருடம் எடுக்கப்பட்ட மொத்தப் பேரே 262 தான். கடைசி ஆளுக்கு அங்கே 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று பட்டப்பெயரே உண்டு. அதாவது, 'சம்பந்தமில்லாத சாமி'.

262-வது ஆள் எப்படி இறுதி ஆட்டம் வரை வந்தார்? அவருக்கு முன்னால் எடுக்கப்பட்ட 261 பேரை மதிப்பிட்டவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கடன் விண்ணப்பங்களை மதிப்பிட்டே இருபது வருடம் ஓட்டியவனுக்கு இந்தக் கேள்வி சும்மா விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதன் சாரம் இது.

கடைசி பெஞ்சுக்கு முதல் பந்தி

பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. இது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். எதிரணி ஆட்கள் அவரை நசுக்க ஓடி வருவார்கள். இரண்டு மூன்று விநாடிகளுக்குள் யாருக்கு எறிவது, எறியலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். கேப்டன், விக்கெட் கீப்பர், கடைசி ஓவர் பேட்ஸ்மேன் மூவரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ அப்படி.

நம் ஐபிஎல் ஏலத்தில் கையில் காசு இருப்பவர் கை தூக்கலாம். அங்கே ஏலம் கிடையாது, வரிசை. போன வருடம் கடைசியில் வந்த அணி கல்லூரி வீரர்களில் முதல் ஆளை எடுக்கும், சாம்பியன் கடைசியாக எடுக்கும். இந்த யோசனை பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-ல் கொடுத்தது. பணக்கார அணிகளே நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போக, அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முதல் தேர்வு நடந்தது. 9 அணிகள், 9 சுற்று. முதல் ஆளாக அழைக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாள்கூட ஆடவில்லை. கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆக, முதல் மதிப்பீட்டிலேயே முதல் வாராக்கடன்!

தவறிய கணக்குகள்

ஜானி யுனைட்டஸ் 1955-ல் 9-வது சுற்றில் பிட்ஸ்பர்க் அணியால் எடுக்கப்பட்டு, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வெளியே அனுப்பப்பட்டார். கட்டுமான வேலை பார்த்துக்கொண்டு, ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு உள்ளூர் அணியில் ஆடினார். அடுத்த வருடம் பால்டிமோர் அழைத்தது. 1958-ல் நியூயார்க் ஜயன்ட்ஸை கூடுதல் நேரத்தில் 23-17 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தை, இதுவரை நடந்ததிலேயே சிறந்த ஆட்டம் என்று இன்றும் சொல்கிறார்கள். அதில் வென்ற குவார்ட்டர்பேக் அவர்தான்.

1983-ல் முதல் சுற்றிலேயே ஆறு குவார்ட்டர்பேக்குகள். முதல் ஆள் ஜான் எல்வே. 7-வது இடத்தில் டாட் பிளாக்லெட்ஜ். அவருக்குப் பிறகுதான் ஜிம் கெல்லி 14-லும் டேன் மரினோ 27-லும் வந்தார்கள். எல்வே, கெல்லி, மரினோ மூவரும் பின்னால் புகழரங்கில் இடம் பெற்றார்கள். பிளாக்லெட்ஜ் இல்லை.

1998-ல் பேட்டன் மேனிங் முதலாவது, ரயன் லீஃப் இரண்டாவது. யாரை முதலில் எடுப்பது என்று அன்று உண்மையிலேயே விவாதம் நடந்தது. மேனிங்கின் முதல் வருடத்தில் அவர் எறிந்த 28 பந்துகளை எதிரணி பறித்தது, அணி ஜெயித்தது 3 ஆட்டம். அப்போது ஒருவர் அறிக்கை எழுதியிருந்தால் 'சந்தேகத்துக்குரியது' என்றுதான் எழுதியிருப்பார். அடுத்த வருடமே 13 வெற்றி. லீஃபோ 2001-க்குப் பிறகு ஆடவே இல்லை.

2000-ல் டாம் பிரேடி 199-வது ஆள். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். 40 கஜ ஓட்டத்தில் அவர் எடுத்தது 5.28 விநாடி, அந்த உலகத்தில் நத்தை வேகம். ஓட்டத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் இருந்தது. நெருக்கடியில் தலை சூடாகாமல் இருப்பதை அளக்க எதுவும் இல்லை. அவர் வாங்கிய கோப்பைகள் 7.

அளவுகோலே கோணலாக இருந்ததும் உண்டு. கறுப்பின வீரர்கள் குவார்ட்டர்பேக் இடத்துக்குத் தேவையான புத்தி உள்ளவர்கள் அல்ல என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. வேறு இடத்துக்கு மாறிக்கொள் என்பார்கள். வாரன் மூனை 1978-ல் யாருமே எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஐந்து கோப்பைகள் ஜெயித்துவிட்டு, 1984-ல்தான் ஹூஸ்டனுக்கு வந்தார். 2006-ல் புகழரங்கத்தில் சேர்ந்தார். 'இந்தப் பகுதி ஆட்களுக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது' என்று கோப்பைத் திறக்காமலே சொல்லும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். வெளி மாநிலத்தில் வீடு தேடி, பெயரைக் கேட்டதும் 'காலி இல்லை' என்ற பதிலை வாங்கிய நமக்கு இது புரியும்.

136 சதவீத வட்டி

1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி ஒரு அட்டவணை போட்டது. முதல் இடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, இப்படி இறங்கி 32-வதுக்கு 590. இடங்களை மாற்றிக்கொள்ள இதையே மற்ற அணிகளும் விலைப்பட்டியலாக வைத்துக்கொண்டன.

இந்த விலை சரியா என்று கேட்டவர்கள் கேட் மேசியும் ரிச்சர்ட் தேலரும். தேலர் 2017-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். 2005-ல் முதல் வடிவம் வெளிவந்து, 2013-ல் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. அவர்கள் பார்த்தது வீரரின் திறமையை மட்டும் அல்ல. திறமையின் மதிப்பிலிருந்து சம்பளத்தைக் கழித்தால் அணிக்கு மிச்சம் என்ன என்பதை. காமர்ஸ் படித்தவனுக்குப் புரிகிற பாஷை.

முடிவு, முதல் இடங்களுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன. மிச்சம் அதிகம் தருவது முதல் சுற்றின் பின்பகுதியும் இரண்டாம் சுற்றும். இன்னொன்று, ஒரே நிலையில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்தவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு 52 சதவீதம். காசு சுண்டினால் 50!

மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வருடம் ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக அடுத்த வருடத்து இடத்தைக் கொடுக்கிறார்கள் அல்லவா, அதை வட்டியாகக் கணக்கிட்டால் வருடத்துக்கு 136 சதவீதம். கந்துவட்டிக்காரரே கூசுவார். தோற்றால் வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கும் மேலாளருக்கு அடுத்த வருடம் என்பது வேறு யாருடைய கவலையோ.

விலை இடம் மாறியது

2010-ல் முதல் ஆளான சாம் பிராட்ஃபர்டுக்கு 6 வருட ஒப்பந்தம் 78 மில்லியன் டாலர், அதில் 50 மில்லியன் உத்தரவாதம். ஒரு ஆட்டமும் ஆடுவதற்கு முன்! 2011-ல் புதிய தொழில் ஒப்பந்தம் வந்து புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டியது. அந்த வருடத்து முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 22 மில்லியன்.

அணி செலவழிக்கும் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2024-ல் அது 255.4 மில்லியன். அதே வருடம் டல்லாஸின் டாக் பிரெஸ்காட் போட்ட ஒப்பந்தம் வருடச் சராசரி 60 மில்லியன். கிட்டத்தட்ட கால் பங்கு ஒருவருக்கே. ஆக, குறைந்த சம்பளத்தில் நல்ல இளம் குவார்ட்டர்பேக் கிடைத்தால் மிச்சக் காசில் மற்ற இடங்களை நிரப்பலாம். 2012-ல் 75-வதாக எடுத்த ரசல் வில்சனை வைத்து சியாட்டில் 2014 பிப்ரவரியில் கோப்பை வாங்கியது இப்படித்தான்.

சம்பளம் குறைந்ததும் பழைய தவறு நின்றுவிட்டதா? இல்லை, வேறு கணக்குத் தலைப்புக்குப் போய்விட்டது. டாலருக்குப் பதிலாக வருங்கால இடங்களை அள்ளிக் கொடுத்தார்கள். 2012-ல் ராபர்ட் கிரிஃபினுக்காக வாஷிங்டன் மூன்று முதல் சுற்று இடங்களையும் ஒரு இரண்டாம் சுற்று இடத்தையும் கொடுத்தது. முதல் வருடம் அபாரமாக ஆடியவர் முழங்கால் காயத்துக்குப் பின் பழையபடி ஆகவில்லை. அதே தேர்வில் நாலாம் சுற்றில், 102-வதாக, கர்க் கசின்ஸையும் எடுத்து வைத்திருந்தார்கள். கடைசியில் அந்த அணிக்குப் பல வருடம் உழைத்தவர் அவர்தான்.

நஷ்டத்தை எழுதுவது

2021-ல் சான் பிரான்சிஸ்கோ 12-வது இடத்திலிருந்து 3-வது இடத்துக்கு ஏறியது. விலை, மூன்று முதல் சுற்று இடங்களும் ஒரு மூன்றாம் சுற்று இடமும். எடுத்த ஆள் ட்ரே லான்ஸ். இரண்டு வருடத்தில் 4 ஆட்டங்களில்தான் தொடங்கினார். 2022-ல் அவருக்கும் அடுத்தவருக்கும் காயம் பட, கடைசி ஆளான பர்டி உள்ளே வந்தார், ஜெயித்துக்கொண்டே போனார்.

இப்போது என்ன செய்வது? இவ்வளவு கொடுத்து வாங்கிய ஆளை உட்கார வைத்தால் மேலாளருக்குத் தலைகுனிவு. ஆனால் 2023 ஆகஸ்டில் லான்ஸை ஒரே ஒரு நாலாம் சுற்று இடத்துக்கு டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். நஷ்டத்தை வெளிப்படையாக எழுதினார்கள். ஆறு மாதத்தில் நான் பார்த்த அந்த இறுதி ஆட்டம்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. காரணம் சொல்கிறேன். பல வருடம் முன்பு, வேறொரு ஊர்க் கிளையில், ஒரு சிறு தொழிற்சாலைக்கு நான் கடன் சாங்ஷன் செய்தேன். கோப்பு கண்ணாடி மாதிரி. எல்லா விகிதமும் சரி. ஒரு வருடத்தில் இருப்பு குறையத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் லிமிட்டைக் கூட்டிக் கொடுத்தேன், இரண்டு முறை. அந்த ஆளை நம்பி அல்ல. அதைப் பரிந்துரைத்த என் கையெழுத்தை நம்பி. கணக்கு வாராக்கடன் ஆனபோது, முதலில் நிறுத்தியிருந்தால் போயிருக்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு போயிருந்தது. விளக்கக் கடிதம் எழுதினேன். பதவி உயர்வு தள்ளிப்போனது. ஆரம்ப மதிப்பீடு தவறியதற்காக என்னை யாரும் குறை சொல்லவில்லை. தவறு தெரிந்த பிறகு கொடுத்ததற்காகத்தான் கேட்டார்கள். அது நியாயம்.

மதிப்பீடு தவறும். 52 சதவீதம்தான் என்றால் தவறத்தான் செய்யும். அதனால் ஒரே ஆள் மீது எல்லாவற்றையும் கட்டாமல், பின் இடங்களிலும் ஆட்களை எடுத்து வைப்பது நல்லது. எடுத்த ஆளுக்குக் கற்றுக்கொள்ள நேரம் கொடுப்பதும் நல்லது. 2005-ல் முதல் ஆளான அலெக்ஸ் ஸ்மித் தோற்கிற அணியில் உடனே இறக்கிவிடப்பட்டுத் திணறினார். அதே வருடம் 24-வதாக வந்த ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்து கற்றார், 2011 பிப்ரவரியில் கோப்பை வாங்கினார். ஸ்மித் வீணாகவில்லை. 2017-ல் கான்சஸ் சிட்டியில் ஆடிக்கொண்டிருந்தது அவர்தான். அவர் பின்னால் ஒரு வருடம் உட்கார்ந்து கற்ற பையன், மஹோம்ஸ்.

மகள் இந்த வருடம் பன்னிரண்டாவது. வீட்டில் கட்-ஆஃப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. போன வாரம் மாதிரித் தேர்வில் அவள் பேட்ச்சில் 61-வது. முகம் வாடி வந்தாள். நான் பிரேடி கதையைச் சொன்னேன். "அப்பா, 199-வதா வந்தவங்க எல்லாரும் பிரேடி ஆகல இல்லியா?" என்றாள். உண்மை. ஆகவில்லை. "ஆனா, முதலாவதா வந்தவங்களும் எல்லாரும் ஆகல" என்றேன். சிரித்துவிட்டுப் படிக்கப் போனாள்.

வரிசை எண் ஒரு நாளின் மதிப்பீடு. அதைப் போட்டவர்களுக்கே பாதி சந்தேகம். நம் ஊர்களை விட்டு வந்து, பிள்ளைகளின் எண்ணில் நம் மொத்த வாழ்க்கையையும் கட்டி வைத்திருக்கும் நமக்கு இது ஞாபகம் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டிலும் ஒரு 199 இருந்தால் சொல்லுங்கள், கேட்க ஆசை.