தாடை முறிவும் கடியின் ஒழுங்கும்

முகத்தில் அசையும் எலும்பு கீழ்த்தாடை ஒன்றே. லாடம்போல் வளைந்து, இரு காதுகளுக்கும் முன்னால் உள்ள மூட்டுகளில் மண்டையோட்டுடன் பொருந்தியிருக்கிறது. ஆகவே மோவாயில் விழும் அடி, காதோர மூட்டுக் கழுத்தையும் முறித்துவிடக் கூடும். மெல்லுதல், விழுங்குதல், பேச்சு மூன்றும் இந்த எலும்பை நம்பியவை. மஞ்சளுக்கும், கிருஷ்ணனின் (1924–2001) நாதஸ்வரத்துக்கும் பேர்போன நாமகிரிப்பேட்டையில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை உதட்டால் கவ்வி வாசிப்பவருக்கு வாசிப்பின் பிடிமானமே தாடைதான்.

மோவாயை மூடாத ஹெல்மெட் தாடையைக் காப்பதில்லை. வண்டியிலிருந்து விழுந்தவருக்குப் பல் முன்போலக் கடிபடவில்லை என்றாலோ, கீழுதடு மரத்துப்போனாலோ, நாக்கின் அடியில் ரத்தம் கட்டினாலோ முறிவு எனச் சந்தேகிக்க வேண்டும். இருபுறமும் முறிந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். கழுத்தில் அடி இல்லையெனில், மல்லாக்கப் படுக்கவைக்காமல் முன்குனிந்து உட்காரவைப்பது உயிர் காக்கும். விழுந்த பல்லை வேரைத் தொடாமல் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது நல்லது. வாய்க்குள் கிழிந்த காயத்தில் மஞ்சள் உட்பட எதையும் அப்பக் கூடாது. சேலம், திருச்செங்கோடு பல் மருத்துவக் கல்லூரிகளில் தாடை முறிவுக்கான அறுவைச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன.

சிகிச்சையின் ஆதாரம் எலும்பைவிட, பற்கள் பொருந்தும் கடியே. மயக்க மருந்துக் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியே செல்லும். வாய் மூடிப் பற்கள் பொருந்த வேண்டும் என்பதே காரணம். மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் பிணைத்துப் பழைய கடியை மீட்ட பிறகுதான், டைட்டானியம் தகடும் சிறு திருகுகளும் பொருத்தப்படும். வாய்க்குள்ளேயே கீறுவதால் பெரும்பாலும் முகத்தில் தழும்பு விழாது. முன்பு பெரும்பாலும் கம்பிக்கட்டே வழி. 1970களில் பிரான்சின் மருத்துவர் ஷாம்பி சிறு தகடு முறையைச் செம்மைப்படுத்திய பின் பலருக்கு நீண்டகாலக் கட்டு தேவைப்படவில்லை.

முறிவிடத்தில் உறைந்த ரத்தம் முதலில் நாராகவும், பின் மென்மையான புது எலும்பாகவும் மாறும். பெரியவர்களுக்கு உறுதியாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ராகிக் கஞ்சி, கம்பங்கூழ், பருப்புத் தண்ணீர், மோர். ஒவ்வொரு முறை உண்டபின்னும் உப்புநீர்க் கொப்பளிப்பு. புகையிலை கூடாது. கம்பிக்கட்டு உள்ளவர் அருகில், வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்ட, கம்பிவெட்டி இருக்க வேண்டும்.

மூட்டில் அடிபட்ட குழந்தைகளுக்கு வாயை நெடுநாள் கட்டிவைத்தால் மூட்டு இறுகிப்போகலாம். சீக்கிரமே திறப்புப் பயிற்சி தொடங்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது மட்டும் குணமல்ல. பற்கள் பழையபடி சேர வேண்டும். தன் விரல் மூன்று நுழையுமளவு வாய் திறக்க வேண்டும்.