நாயின் நிறமும் நாகரிகத்தின் பெயரும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே உள்ளதைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். கதிரவன் எழுகின்ற கரை ஒன்று. படுகின்ற கரை மற்றொன்று. கண் கண்டதைக் கொண்டே பெயரிடும் இவ்வழக்கம் நிறங்களுக்கும் உரியதே. மருதமுனைத் தறியில் நெய்த புடைவையை வாங்க வருபவள் கிளிப்பச்சை என்றோ, மயிற்கழுத்து என்றோ, மாந்தளிர் என்றோ கேட்டால் நெய்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. கிளியையும் மயிலையும் மாவையும் இருவருமே கண்டவர்கள். வயற்காவலுக்குக் கிடக்கும் நாயும் அவ்வாறே செவலை, கறுப்பன், புள்ளி என்று நிறத்தாலேயே பெயர் பெற்றுவிடுகிறது.

இது புதிய வழக்கமன்று. முல்லைக்கலியில் ஏறு தழுவ இறங்கும் காளைகள் காரி, வெள்ளை, சேய், குரால் எனப் பிரித்துக் காட்டப்படுகின்றன. கொங்கு நாட்டு மாட்டுக்காரர் இன்றும் மயிலை, செவலை, காரி என்பர். அப்பெயர்களில் அலங்காரம் ஏதுமில்லை. மந்தையில் எந்த மாடு என்று காட்டினாற் போதும்.

பெயர் அடையாளமாக நில்லாது விதியாக மாறியது மேல்நாட்டிலே. 1873ஆம் ஆண்டில் இலண்டனில் கெனல் கிளப் நிறுவப்பட்டது. ஒவ்வோர் இன நாயும் எவ்வுயரம், எவ்வுருவம், எந்நிறம் உடையதாயிருத்தல் வேண்டும் என்று எழுதி வைக்கும் விதிநூல்கள் அக்காலத்தில் வலுப்பெற்றன. துணி உலகிலும் நிறப்பெயர்கள் பெருகிய காலம் அது. 1856இல் பதினெட்டு வயது இளைஞரான வில்லியம் பெர்க்கின், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று ஊதாச் சாயத்தைக் கண்டார். 1859இல் இத்தாலியில் நிகழ்ந்த மஜெந்தாப் போர் ஒரு செஞ்சாயத்துக்குப் பெயர் தந்தது. போர்க்களத்தின் பெயரைப் பெண்கள் உடுத்தித் திரிந்தனர்!

துணியிலிருந்து நாய்க்கு வந்த பெயருக்கு ‘இசபெல்லா’ நல்ல சான்று. டோபர்மன் இனத்துக்கான அமெரிக்க விதிநூல் ஒப்பும் நான்கு நிறங்களுள் மங்கிய மான்நிறத்துக்கு இப்பெயர் உண்டு. ஒஸ்தெந்து நகரை முற்றுகையிட்டபோது, நகரம் வீழும்வரை உள்ளாடையை மாற்றேன் என்று இளவரசி இசபெல்லா சூளுரைத்தாளாம். முற்றுகை 1601 முதல் 1604 வரை நீடித்தமையால் அவ்வாடை பெற்ற நிறமே இது என்பர். சுவையான கதைதான். ஆனால் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் உடைப்பட்டியலில், முற்றுகை தொடங்குவதற்கு ஓராண்டு முன்னரே, 1600இல், இந்நிறத்துப் பட்டாடை ஒன்று பதிவாகியுள்ளது. கதை பொய், பெயர் மட்டும் நாயின் மேல் ஏறிக்கொண்டது.

இத்தகைய பெயர்கள் சில உண்மையை மறைத்தும் விடுகின்றன. விதிநூல்களில் ‘நீலம்’ எனப்படும் நாய் நீலமன்று; ஒரு மரபணுவினால் நீர்த்துப்போன கறுப்பு அது. செந்தவிட்டு நிறம் அவ்வாறே நீர்த்தால் இசபெல்லா. இவ்விரு நிற டோபர்மன்களுள் பலவற்றுக்கு வளர வளர மயிர் உதிர்ந்து தோல் நோயுறுகிறது. லாப்ரடோர் இனத்துக்கு விதிநூல் கறுப்பு, மஞ்சள், சொக்கலேட் என மூன்றே நிறங்களைச் சொல்லுகிறது. விற்போரோ வெள்ளி, ஷாம்பெயின் என்று கூவுகின்றனர். அரிய நிறம் என்ற சொல்லே விலையை உயர்த்திவிடுகிறது.

தமிழ்நாட்டிலும் நிற மோகம் ஓர் இனத்தைப் பற்றியிருக்கிறது. இராசபாளையம் நாய் என்றவுடன் பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் நினைவுக்கு வரும். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட முத்திரைகளுள் ஒன்றில் அது இடம்பெற்றது. அவ்வினத்தில் கறுப்பும் தவிட்டு நிறமும் புள்ளியும் பிறப்பதுண்டு. வெள்ளையை மட்டும் விரும்பியமையால் அத்தகைய குட்டிகள் முற்காலத்தில் கழிக்கப்பட்டன. எஞ்சிய வெள்ளைக் குட்டிகளிடையே காது கேளாதவை பிறத்தல் வளர்ப்போர் நன்கறிந்த செய்தி. காவலுக்கென வளர்க்கும் நாய்க்கு இதைவிடப் பெருங்கேடு யாது?

வெள்ளைக்கும் செவிட்டுக்கும் உள்ள தொடர்பு டால்மேஷியன் நாய்களிடம் நன்கு ஆராயப்பட்டுள்ளது. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் உண்டு. அவை அங்கு இல்லாதொழிந்தால், குட்டி பிறந்த சில வாரங்களிலே ஒலியை உணரும் பகுதி அழிந்துபோகிறது. அமெரிக்காவிற் சோதிக்கப்பட்ட டால்மேஷியன்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 30 ஒரு காதிலேனும் செவிடு. பிறக்கும்போதே உடலிற் பெரிய கருந்திட்டுடைய குட்டிகளுக்கோ செவி கேட்கும் வாய்ப்பு மிகுதி.

அத்திட்டையே அந்நாட்டு விதிநூல் குற்றமென்கிறது. காது கேட்கும் அக்குட்டி இன்றும் காட்சிமேடை ஏற முடியாது.