பூட்டை நம்பாத பெட்டி

தி.நகரில் இன்று நகை வாங்கினால் வெல்வெட் பெட்டியைக் கடையிலேயே தந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நகைப்பெட்டியை ஆசாரியிடம் சொல்லித்தான் செய்துகொள்ள வேண்டும். தேக்கோ ஈட்டியோ பலகை, மூலைகளில் பித்தளைத் தகடு, உள்ளே தூக்கி எடுக்கும் தட்டு. மரம் திருடனைத் தடுக்குமா என்று கேட்கலாம். தடுக்காதுதான்; கொட்டாப்புளியால் ஓர் அடி போதும். ஆனால் அந்தப் பெட்டி இரும்புப் பெட்டிக்குப் போட்டியாகப் பிறந்ததல்ல. அட்டிகையின் கல் தோளில் அணியும் வங்கியில் உரசாமல், முத்தைத் தங்கம் கீறாமல் பிரித்து வைப்பதே அதன் வேலை. கேரளத்து நெட்டூர்ப் பெட்டியின் கூம்பு மூடியைப் பார்த்தாலும் இது புரியும்: காவலுக்கு அவ்வளவு அழகு தேவையில்லை.

இன்னொரு தேவை, தூக்கிக்கொண்டு கிளம்புவது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்று சென்னையே காலியானபோது, மடியில் அடங்கும் பெட்டிக்கு இருந்த மதிப்பு இரும்புப் பெட்டிக்கு இருந்திருக்காது.

மர நகைப்பெட்டியை ஒழித்தது இரும்பு பீரோ என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. 1969இல் 14 வங்கிகள் அரசுடைமையாகி, கிளைகள் பெருகின, லாக்கரும் பழக்கமானது. நகை வீட்டைவிட்டே போய்விட்டது. லாக்கரின் ஒடுங்கிய அறைக்குள் கூம்பு மூடி நுழையாது. துணிச்சுருக்குப் பை நுழையும்.