வேலிக்குழையும் தோட்ட மண்ணும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. சுண்ணாம்புப் பாறையின் மேற் படிந்த மண்ணும், மாரி மழை அப்பாறையுள் இறங்கித் தேங்கும் கிணற்று நீருமே அதன் செல்வம். இத்தகைய நிலத்தில் நெல்லும் குரக்கனும் புகையிலையும் தலைமுறை தலைமுறையாக விளைந்தது எவ்வாறு? 'முன்னோரின் அறிவு' என ஒரே தொடரில் விடை கூறுவோர் உளர். அவ்விடை பொய்யன்று, ஆயினும் அது பாதி விடையே.

முதலில் அந்த அறிவை நோக்குவோம். வளவைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நாட்டப்பட்டன. அவற்றின் குழை ஆட்டுக்குத் தீனியாயிற்று. பூவரசங்குழை வயலிலும் தோட்டத்திலும் பசளையாகத் தாழ்க்கப்பட்டது. கதியால்களுக்கிடையே அடைக்கப்பட்ட பனையோலை, வெயிலிலும் மழையிலும் உக்கியபின், வேலியை விட்டிறங்கி மண்ணுக்கு உரமாயிற்று. கூரையிலிருந்து கழித்த ஓலையும் அவ்வாறே. புல் கருகும் கோடையிற் கிழித்த பனையோலையே மாட்டைக் காத்தது. பயிர் செய்வதற்கு முன் ஆடுமாடுகளை இரவிலே தோட்டத்திற் பட்டி அடைத்தனர். எருவும் சலமும் சுமப்பாரின்றியே மண்ணிற் சேர்ந்தன. மரமும் விலங்கும் பயிரும் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஒழுங்கு இது.

இவ்வொழுங்கு வெளியுலகச் சந்தையை அறியாத ஒன்றெனக் கருதுதல் தவறாகும். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பட்டி எரு வயிற்றுக்கு மட்டுமன்றி வணிகத்துக்கும் விளைவைத் தந்தது. அவ்விளைவின் பயன் எவரைச் சேர்ந்தது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அலுவலர் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இவ்வினாவுக்கு ஒளி தருகின்றது. பிறர் நிலத்தில் உடன்பாட்டுடன் மரம் நட்டவனுக்கு அம்மரத்தின் பலனிற் பங்குண்டு என அது கூறுகின்றது. கன்றையும் அவனே கொணர்ந்திருந்தால் அப்பங்கு பெரிது. உழைப்பு உரிமையைப் பிறப்பிக்கும் என்ற நேரிய கருத்து இதன்கண் உளது. ஆனால் அதே தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதியும் உண்டு. கோவியர், பள்ளர், நளவர் முதலியோர் ஆங்கே உரிமை பெறும் மனிதராக அல்லர், உடைமையாகவே பேசப்படுகின்றனர்.

பனையேறியவர் யார்? ஓலை வெட்டியவர் யார்? எருவைக் கடகத்திற் சுமந்தவர் யார்? பெரும்பாலும் நிலமற்ற இம்மக்களே. 1844 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் காணி உறுதிகளிற் பெயர்கள் மாறவில்லை. பிறர் வளவிற் குடியிருந்தவன் அவர் சொற்படி எழும்பவேண்டியவனாகவே இருந்தான். பொதுக் கிணற்றிற் தன் கையால் நீர் அள்ளும் உரிமையும் அவனுக்கு மறுக்கப்பட்டது. அதனைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேதான் வந்தது. சட்டம் ஏட்டிற் கிடப்பது போதாதென்று 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து மக்கள் ஊர்வலமாகப் புறப்படவேண்டியிருந்தது.

இதற்கிடையில் துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரமும், பட்டியின் இடத்தை இரசாயனப் பசளையும் கைக்கொள்ளலாயின. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை தந்தது. பசளைப் பாவனையும் பெருகிற்று. கதியால் வேலி நின்ற இடங்களில் மதில் எழுந்தது. போர் பனைகளைப் பேரளவில் அழித்தது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிக்கும் நீரே கெடும்போது பழைய முறையை எண்ணுவது வெறும் ஏக்கமன்று, தேவையே.

ஆனால் எண்ணும் விதத்தில் எச்சரிக்கை வேண்டும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடுத்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட்டது. தடைசெய்தோர் 'முன்னோர் முறை' என்றனர். அம்முறைக்கு வேண்டிய மாடு எங்கே, குழை எங்கே, அவற்றைச் சேர்க்கும் உழைப்புக்குக் கூலி எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. ஆணை ஒரு நாளிற் பிறக்கும். கதியால் தழைக்க ஆண்டுகள் வேண்டும். ஊதியமற்ற கைகளால் ஓடிய ஒழுங்கை, அக்கைகள் விடுதலை கேட்டபின், அதே வடிவில் மீட்க முடியாது, மீட்கவும் கூடாது.

எனவே நாம் மாணவருக்கு இவ்வரலாற்றைக் கற்பிக்கும்போது பூவரசங்குழையின் பயனோடு அதனைச் சுமந்தவரின் கதையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். நட்டவனுக்கு மரத்திற் பங்குண்டு என 1707 இல் ஏற்றுக்கொண்ட சமூகம், உழைத்தவனுக்கு மண்ணிற் பங்குண்டு என ஏற்கவில்லை. அந்த விடுபட்ட வரியை எழுதிய பின்னரே மரமும் மாடும் பயிரும் கூடிய வேளாண்மை நிலைத்து நிற்கும்.