ஜாம்கேடு காட்டிய வழி

ஏழையின் குடிசைக்கு நோய் தனியே வருவதில்லை. கடனும் பசியும் உடன் வருகின்றன. தாழ்த்தப்பட்டோர் குடிசையாயின் தீண்டாமை அதற்கு முன்னரே அங்கு நிற்கின்றது. மருந்துச் சீட்டு ஒன்றால் மட்டும் இவை அகலா. மருத்துவரும் ஊர் மக்களும் கைகோத்தால் அகலும் என்பதற்கு மராட்டிய மாநிலத்து ஜாம்கேடு சான்றாக விளங்குகின்றது.

டாக்டர் ரஜனிகாந்த் அரோலேயும் அவர்தம் துணைவியார் டாக்டர் மேபல் அரோலேயும் நமது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1970இல், அந்நாளைய அகமதுநகர் மாவட்டத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடில் பணி தொடங்கினர். அப்பகுதியில் பிறந்த 1000 குழந்தைகளுள் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்த காலம் அது. தொழுநோயாளரை ஊர் ஒதுக்கி வைத்திருந்தது.

மக்கள் முதலில் வேண்டியது நீரே. ஆழ்குழாய்க் கிணறு அமைக்க முற்பட்டபோது, அதற்குரிய இடத்தை அரோலே தம்பதியர் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலேயே தேர முயன்றனர். நம்மவரைப் பொதுக் கிணற்றருகே அண்டவிடாத இல்லங்களின் பெண்கள், குடம் ஏந்தி அக்குடியிருப்புக்கே வரலாயினர்.

பயிற்சி பெற்ற செவிலியர் சிற்றூர்களில் தங்க முன்வரவில்லை. எனவே ஒவ்வோர் ஊரும் தன் பெண்களுள் ஒருவரை நல ஊழியராகத் தேர்ந்தது. அவருள் பலர் எழுத்தறியாதவர், பலர் தாழ்த்தப்பட்டவர். வாரந்தோறும் ஜாம்கேடில் கூடி, சாதி பாராது உடனமர்ந்து உண்டு, பாடம் கற்றனர். ஊர் திரும்பிக் குழந்தைகளை நிறுத்துப் பார்த்தனர், பிரசவம் பார்த்தனர், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் புகட்டினர், உணர்விழந்த தேமலைக் கண்டு தொழுநோயைத் தொடக்கத்திலேயே அறிந்தனர். காசநோயாளர் மாத்திரையை இடைவிடாது உண்ணுமாறு கண்காணித்தனர்.

உழவர் மன்றங்களும் மாதர் மன்றங்களும் அவர்களுக்குத் துணை நின்றன. நோயாளிக்கு மருந்தை நல ஊழியர் அளித்தார். பிழைக்கும் வழியையும் ஊரில் இடத்தையும் பெற்றுத்தர மன்றங்கள் முயன்றன. அறுவை முதலிய பெரிய சிகிச்சையை ஜாம்கேடு மருத்துவமனை ஏற்றது. தனித்தனியே நின்றிருப்பின் இம்மூவரில் எவராலும் இது கைகூடியிராது.

உலகச் சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட நூலொன்றில் இம்முயற்சி இடம்பெற்றது. 1979இல் அரோலே தம்பதியர் மகசேசே விருது பெற்றனர். 1990களில் அவ்வூர்களின் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 30க்கும் கீழே இறங்கியது. மேபல் அம்மையார் 1999இலும், ரஜனிகாந்த் 2011இலும் மறைந்தனர். எனினும் பணி நிற்கவில்லை.

இவ்வரலாற்றில் நாம் போற்ற வேண்டியவர் மருத்துவர் இருவர் மட்டுமல்லர். தீண்டத்தகாதவள் என்று விலக்கப்பட்ட பெண்ணின் கையை, பிரசவ நேரத்தில் மேல்சாதி இல்லங்களும் நாடின. அக்கையில் இருந்தது அறிவு. அறிவைப் பூட்டி வைக்காது பகிர்ந்தமையால் நோயும் குறைந்தது. சாதியின் பிடியும் தளர்ந்தது.

ஏடு தொடாத அப்பெண்கள் அத்துணை செய்தனரெனின், பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் எவ்வளவு செய்யலாம்! நமது குடியிருப்பிலும் காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் உண்டு. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளின்றிக் கிடக்கும் முதியவர் உண்டு. வாரம் ஒரு மாலைப் பொழுதை அவர்கள் வாயிலில் செலவிடுவீர்களாக. நாம் பெற்ற கல்விக்கு நம் மக்கள் கேட்கும் கைம்மாறு அதுவே.